வயல் நத்தை: பிள்ளைகள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

வரப்பில் நடக்கும்போது காலடியில் ஒரு நத்தை உருண்டு கிடந்தால் பிள்ளைகள் சும்மா தாண்டிப் போவதில்லை. எடுத்துத் திருப்பிப் பார்ப்பார்கள், மூடியைத் தட்டுவார்கள், அப்புறம் கேள்வி மேல் கேள்வி வரும். காவிரி டெல்டாவில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தும் எனக்கு வருடா வருடம் வருகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்குக் கொஞ்சம் உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

எந்த நத்தையைப் பற்றிப் பேசுகிறோம்?

வயல், குளம், ஏரி, கண்மாய், வாய்க்கால் எல்லாவற்றிலும் இருக்கும் பெரிய உருண்டை நத்தையைப் பற்றி. வளர்ந்த நத்தை ஒரு எலுமிச்சம்பழம் அளவு இருக்கும், சில நேரம் அதைவிடப் பெரிதாகவும் இருக்கும். கூடு பச்சை கலந்த பழுப்பு நிறம். வயிறு பருத்து உருண்டையாக இருப்பதால் வெளிநாட்டார் இதை ஆப்பிள் நத்தை என்கிறார்கள். அறிவியலில் இதன் இனத்துக்குப் பைலா என்று பெயர். தென்னிந்தியாவில் பைலா வைரன்ஸ், பைலா குளோபோசா என்ற வகைகள் இருக்கின்றன. நம் ஊரில் நத்தை, சில பக்கங்களில் ஊமச்சி, பழைய தமிழில் நந்து.

மழை பெய்தால் தோட்டத்தில் முருங்கை மரத்திலும் மதில் சுவரிலும் ஏறுகிறதே, நீளமான கூம்புக் கூட்டோடு, அது வேறு. அது ஆப்பிரிக்கப் பெரு நத்தை. 1847-இல் பென்சன் என்ற ஆங்கிலேயர் மொரிஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து விட்டது, பெருகிப் பரவிவிட்டது. அது நிலத்து நத்தை. நம்முடையது தண்ணீர் நத்தை. இரண்டையும் பிரித்து அறிவது எளிது: நம் நத்தைக்குக் கூட்டின் வாயில் ஒரு கெட்டியான மூடி உண்டு, அதற்குக் கிடையாது.

நத்தை மீனைப் போலத் தண்ணீரில் மூச்சு விடுமா, நம்மைப் போலக் காற்றில் மூச்சு விடுமா?

இரண்டும் செய்யும். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் இந்த நத்தையின் வாழ்க்கை முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

கூட்டுக்குள்ளே, உடம்பின் வலப்பக்கம் சீப்புப் பல் மாதிரி வரிசையாக இருக்கும் செவுள். இடப்பக்கம் ஒரு பை, அதுதான் நுரையீரல். தண்ணீர் தெளிவாக, பிராணவாயு நிறைய இருக்கும்போது செவுளே போதும். ஆனால் ஐப்பசி மழையில் கலங்கிய வயல் தண்ணீரையும், பங்குனியில் பாசி பிடித்து வெந்நீர் மாதிரி சுடும் குட்டையையும் நினைத்துப் பாருங்கள். அந்தத் தண்ணீரில் பிராணவாயு குறைந்துவிடும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். நத்தை அப்படித் தவிப்பதில்லை. கழுத்தின் இடப்பக்கத் தோல் மடிப்பைச் சுருட்டி ஒரு குழாய் ஆக்கி, அதை மேலே நீட்டும். உடம்பு தண்ணீருக்குள்ளேயே இருக்கும், குழாயின் நுனி மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். தலையையும் காலையும் முன்னும் பின்னும் அசைத்து அசைத்துக் காற்றை உள்ளே இழுக்கும்.

ஒரு கண்ணாடி ஜாடியில் நத்தையை விட்டுப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்தால் இதை நீங்களே பார்க்கலாம். குழாய் மெல்ல நீளும், நீண்டுகொண்டே போகும், இவ்வளவு நீளம் எங்கே ஒளித்து வைத்திருந்தது என்று தோன்றும். நீர்ப்பரப்பைத் தொட்டதும் நுனி புனல் மாதிரி விரியும். அப்போது ஜாடியை லேசாகத் தட்டினால் போதும், குழாய் சட்டென்று உள்ளே போய்விடும், இரண்டு மூன்று குமிழி வரும், நத்தை கல் விழுந்த மாதிரி அடியில் போய் விழும். நுரையீரலில் காற்று இருந்தால் மிதக்கலாம், காற்றை விட்டுவிட்டால் மூழ்கித் தப்பிக்கலாம். மூச்சு விடும் பையே அதற்கு மிதவைப் பையும் ஆகிறது.

தண்ணீர் வற்றிவிட்டால் செத்துப் போகுமா?

பெரும்பாலும் சாகாது. நம் ஊர் நிலத்தில் தண்ணீர் வருடம் முழுவதும் நிற்பதில்லை. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறப்பார்கள். ஆறு, வாய்க்கால், வயல் என்று தண்ணீர் வந்து சேரும். ஐப்பசி கார்த்திகையில் மழை. தை, மாசியில் அறுப்பு முடிந்ததும் வயல் காய ஆரம்பிக்கும். சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துவிடும். இந்தக் கணக்கு நத்தைக்குத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன் உடம்பு இந்தக் கணக்குக்கு ஏற்ற மாதிரி அமைந்திருக்கிறது.

தண்ணீர் இறங்க இறங்க நத்தை ஈரச் சேற்றைத் தேடிப் புதைந்துகொள்ளும். உடம்பை முழுவதும் கூட்டுக்குள் இழுத்து, மூடியை இறுக அடைத்துவிடும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாது. சாப்பாடு இல்லை, நகர்வது இல்லை, இதயம் கூட மெதுவாகத்தான் துடிக்கும். செவுளுக்கு இப்போது வேலை இல்லை. நுரையீரலில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று போய் வருவதே போதும். இப்படிப் பல மாதங்கள் கிடக்கும். இதைக் கோடை உறக்கம் என்கிறோம். கரடி குளிருக்காகத் தூங்குவதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள், இது வெயிலுக்காகத் தூங்குவது.

ஒரு சித்திரை மாதம், வயலில் வரப்பு வெட்டும்போது மண்வெட்டியில் ஒரு நத்தை மாட்டியது. காய்ந்த களிமண் கூடு முழுவதும் ஒட்டி, பார்க்க வெறும் மண்ணாங்கட்டி மாதிரி இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு பேசினில் தண்ணீர் ஊற்றிப் போட்டேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. மண் கரைந்து தண்ணீர் கலங்கியதுதான் மிச்சம். செத்துவிட்டது என்றே நினைத்தேன். ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆன பிறகு மூடியின் ஓரத்தில் ஒரு குமிழி வந்து நின்றது. அப்புறம் மூடி ஒரு நூலளவு விலகியது. அந்த இடுக்கில் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. சாயங்காலம் பார்த்தால் பேசினின் விளிம்பில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

அந்த மூடி எதனால் ஆனது? கழன்று விழுந்துவிடாதா?

விழாது. காலின் பின்பக்கத்தில் தசையோடு ஒட்டி இருக்கிறது. நத்தை ஊர்ந்து போகும்போது பார்த்தால் பின்னால் முதுகில் ஒரு தட்டைச் சுமந்து போவது போல இருக்கும். உள்ளே போகும்போது தலை முதலில் போகும், கால் மடிந்து பின்னாலேயே போகும், கடைசியில் மூடி வந்து வாசலில் பொருந்தும். கதவைச் சாத்தவென்று தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

செத்த நத்தையின் மூடி கிடைத்தால் கழுவிக் கையில் வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடுகள். நத்தை வளர வளர மூடியும் ஓரத்தில் வளர்ந்ததற்கு அடையாளம் அது. வெளிப்பக்கம் பழுப்பாக, உள்பக்கம் வெள்ளையாகப் பளபளக்கும். சுண்ணாம்புச் சத்து சேர்ந்து கெட்டிப்பட்டது.

நத்தை கூட்டைக் கழற்றிவிட்டு வேறு கூட்டுக்குப் போகுமா?

போகாது. கூடு என்பது அதற்குச் சட்டை மாதிரி இல்லை, நமக்கு எலும்பு மாதிரி. ஒரு கெட்டியான தசை நத்தையைக் கூட்டின் நடுத்தண்டோடு பிணைத்திருக்கிறது. கூட்டைப் பிய்த்தால் நத்தை செத்துவிடும். கூடு மாறுவது கடற்கரையில் இருக்கும் முனிவர் நண்டு, அது காலிச் சங்குகளைத் தேடிப் பிடித்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். வரப்பில் காலியாகக் கிடக்கும் நத்தைக் கூடு ஒவ்வொன்றும் செத்துப்போன ஒரு நத்தையுடையது.

அப்படியானால் நத்தை வளரும்போது கூடு சின்னதாகிப் போகாதா?

கூடும் கூடவே வளரும். நத்தையின் உடம்பைச் சுற்றி மெல்லிய போர்வை மாதிரி ஒரு தோல் இருக்கிறது. அதன் ஓரத்திலிருந்து சுண்ணாம்புப் பொருள் சுரந்து கூட்டின் வாய்ப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். கூட்டின் உச்சியில் இருக்கிறதே, குண்டூசித் தலை அளவு ஒரு சின்னச் சுற்று, அதுதான் முட்டையிலிருந்து வந்தபோது இருந்த வீடு. அதற்கடுத்த சுற்று அதைவிடப் பெரியது, அடுத்தது இன்னும் பெரியது, கடைசிச் சுற்றுதான் இப்போது குடியிருக்கும் பெரிய அறை. பிறந்த வீட்டையே நீட்டி நீட்டிக் கட்டியிருக்கிறது. கூட்டின் மேல் குறுக்கே தெரியும் மெல்லிய கோடுகள், எங்கெங்கே நின்று நின்று வளர்ந்தது என்று காட்டும்.

வாய் ஓரத்தில் சின்ன விரிசல் விழுந்தால் அதையும் பூசி அடைத்துக்கொள்ளும். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைவாக இருந்தால் கூடு மெலிந்து, எளிதில் உடையும்.

எல்லாக் கூடும் ஒரே பக்கம்தான் சுற்றுமா?

கூட்டின் உச்சி மேலே இருக்கும்படி, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். வாய் வலப்பக்கம் இருக்கும். பத்து நத்தையை எடுத்தாலும் பத்தும் வலம்தான். இடப்பக்கம் வாய் உள்ள நத்தை கிடைப்பது மிக அபூர்வம்.

பூஜை அறையில் இருக்கும் சங்கும் ஒரு கடல் நத்தையின் கூடுதான், தெரியுமா? அதிலும் இதே கதை. சாதாரணச் சங்கை விஞ்ஞானிகள் வலச்சுற்று என்பார்கள். நம் வழக்கத்தில் சங்கைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பதால் அதையே இடம்புரி என்கிறோம். லட்சத்தில் ஒன்று என்று போற்றும் வலம்புரிச் சங்கு, விஞ்ஞானிகள் கணக்கில் இடச்சுற்று. பெயர்தான் மாறுகிறது, அபூர்வம் ஒன்றேதான்.

கால் இல்லாமல் எப்படி நடக்கிறது?

கால் இருக்கிறது, ஒன்றே ஒன்று. தட்டையாகப் பரந்த அடிப்பகுதி முழுவதும் கால்தான். கண்ணாடிச் சுவரில் ஏறும்போது மறுபக்கத்திலிருந்து பாருங்கள். நெல் வயலில் காற்று அடிக்கும்போது அலை போவது மாதிரி, காலின் தசையில் ஒரு நெளிவு ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நெளிவுதான் அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. காலிலிருந்து சுரக்கும் கோழை, வழியை வழுக்கலாக்கும், அதே சமயம் செங்குத்தான சுவரில் விழாமல் ஒட்டவும் வைக்கும்.

வேகம்? உங்கள் பென்சில் பெட்டியில் இருக்கும் 15 சென்டிமீட்டர் ஸ்கேலைப் பக்கத்தில் வையுங்கள். என் வகுப்பில் அளந்தபோது ஒரு நத்தை அந்தத் தூரத்தைக் கடக்க மூன்று நிமிடம் போல எடுத்தது. பாதி வழியில் திரும்பிப் போன நத்தைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பல் இருக்கிறதா? கடிக்குமா?

பல் இருக்கிறது, ஏராளமாக. நம்மைக் கடிக்காது. வாய்க்குள் ஒரு நாடா இருக்கும், அதன் மேல் குட்டிக் குட்டிப் பற்கள் வரிசை வரிசையாக, ஒரு வரிசைக்கு ஏழு. ராடுலா என்று பெயர். தேங்காய் துருவுகிற மாதிரி அந்த நாடாவை முன்னும் பின்னும் இழுத்துச் செடியையும் பாசியையும் துருவித் தின்னும். முன்வரிசைப் பற்கள் தேய்ந்தால் பின்னாலிருந்து புது வரிசை நகர்ந்து வந்துகொண்டே இருக்கும். பாசி படிந்த கண்ணாடியில் நத்தை போன பாதையைப் பார்த்தால், பென்சில் கிறுக்கலை ரப்பரால் அழித்த மாதிரி வளைந்து வளைந்து தடம் தெரியும். வேலம்பாசி, ஆகாயத்தாமரை, அழுகிய இலை எல்லாம் அதற்குச் சாப்பாடு.

கொம்பு நுனியில் கண் இருக்கிறதா?

தோட்டத்து நத்தைக்கு நுனியில் இருக்கும். நம் வயல் நத்தைக்கு இல்லை. இதற்கு இரண்டு ஜோடிக் கொம்புகள். முகத்தின் முன்னால் குட்டையாக ஒரு ஜோடி, அதற்குப் பின்னால் நீளமாக, சாட்டை மாதிரி இன்னொரு ஜோடி. நீளக் கொம்பின் அடியில், தனியாக ஒரு குட்டைக் காம்பின் மேல் கறுப்புப் புள்ளியாகக் கண் உட்கார்ந்திருக்கும். நம்மைப் போல முகம் பார்க்க அதனால் முடியாது. வெளிச்சம், நிழல் தெரியும். உங்கள் நிழல் விழுந்ததும் கொம்பை இழுத்துக்கொள்வது அதனால்தான்.

காது கிடையாது. தண்ணீரும் தரையும் அதிர்ந்தால் உடம்பால் உணரும்.

"நந்தும் முரளும் ஈரறிவினவே" என்று தொல்காப்பியம் சொல்கிறதே. நத்தைக்கு இரண்டு அறிவுதானா?

தமிழ் ஐயா வகுப்பிலிருந்து நேராக என் வகுப்புக்கு வந்த கேள்வி இது. தொல்காப்பியத்தின் மரபியலில் புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு, நந்துக்கு ஈரறிவு, எறும்புக்கு மூவறிவு என்று வரிசை போகிறது. ஈரறிவு என்றால் தொட்டு அறிவதும் சுவைத்து அறிவதும். அந்தக் காலத்திலேயே உயிர்களை உற்றுப் பார்த்து, எது எதையெல்லாம் அறிகிறது என்று வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கும். அவர்கள் சொன்ன இரண்டும் நத்தைக்கு உண்டு, அதிலும் வலுவாக உண்டு.

அதற்கு மேலும் இருப்பதை இப்போது கருவிகள் வைத்துக் கண்டிருக்கிறார்கள். மேலே சொன்ன கண் ஒன்று. உள்ளே வரும் தண்ணீரை முகர்ந்து பார்க்க ஒரு உறுப்பு தனியாக இருக்கிறது, தண்ணீர் கெட்டிருந்தால் அது தெரிவித்துவிடும். தலைகீழாகக் கிடக்கிறோமா, நேராக இருக்கிறோமா என்று அறியக் காலுக்குள் ஒரு சின்ன உறுப்பும் உண்டு. நம்மைப் போல ஒரே உருண்டையாக மூளை இல்லை, நரம்பு முடிச்சுகள் பல இடத்தில் இருக்கின்றன. அதை வைத்துக்கொண்டே கற்கவும் நினைவு வைத்துக்கொள்ளவும் முடியும். நத்தையின் உறவான கடல் முயல் என்ற உயிரை வைத்துத்தான் எரிக் காண்டல் என்ற விஞ்ஞானி நினைவு எப்படிப் பதிகிறது என்று ஆராய்ந்தார். அதற்காக 2000-ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இரத்தம் சிவப்பா?

இல்லை. நம் இரத்தத்தில் இரும்பு இருக்கிறது, அதனால் சிவப்பு. நத்தையின் இரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு. காற்று கலந்ததும் லேசாக நீலம் ஓடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு: செம்பு இரத்தத்தில் இருந்தாலும், தண்ணீரில் செம்பு கலந்தால் நத்தைக்கு விஷம். செம்புக் குடத்திலோ பித்தளைப் பாத்திரத்திலோ நத்தையை விடாதீர்கள்.

குளத்தில் வட்டமாக, தட்டையாக, சுருட்டி வைத்த பெல்ட் மாதிரி ஒரு சின்ன நத்தை இருக்குமே, அதன் இரத்தம் மட்டும் நம்முடையது போலச் சிவப்பு.

நத்தை எங்கே வெளிக்குப் போகும்?

சிரிக்காமல் கேட்டால் நல்ல கேள்வி. தலைக்குப் பக்கத்தில்! முட்டைக்குள் கருவாக இருக்கும்போதே நத்தையின் உடம்பு அரைவட்டம் முறுக்கிக்கொள்கிறது. பின்னால் இருக்க வேண்டியது முன்னால் வந்துவிடுகிறது. கூட்டுக்கு வாசல் ஒன்றுதான். போவது வருவது, மூச்சு, சாப்பாடு, கழிவு எல்லாம் அந்த வழியாகத்தான்.

நத்தை முட்டையிடுமா, குட்டி போடுமா?

நம் பெரிய நத்தை முட்டையிடும். தோட்டத்து நத்தைகளில் ஒரே நத்தை ஆணாகவும் பெண்ணாகவும் இருக்கும். இதில் ஆண் தனி, பெண் தனி. வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது கடினம், பெண் கொஞ்சம் பெரிதாகப் பருத்து இருக்கும்.

மழைக்காலம்தான் முட்டை போடும் காலம். தண்ணீர் நத்தையாக இருந்தும் தண்ணீரில் முட்டை போடாது. இரவில் கரையேறி, வரப்பின் பக்கவாட்டிலோ குளக்கரையிலோ ஈரமான மறைவிடம் தேடி, ஒரு சின்னக் குழியில் போட்டுவிட்டு வரும். வெள்ளை வெளேரென்று, ஜவ்வரிசியைக் கொத்தாக ஒட்டவைத்தது போல இருக்கும். ஒரு குழியில் சில நூறு முட்டைகள். புல் செதுக்கும்போது மண் சரிந்து அந்தக் கொத்து வெளியே தெரிந்தால், தொடாமல் ஈர மண்ணைத் திரும்ப மூடிவிடுங்கள்.

எதற்காகக் கரையேற வேண்டும்? தண்ணீரில் போட்டால் மீன் தின்றுவிடும், அது ஒன்று. கலங்கிய தண்ணீரில் முட்டைக்கு மூச்சு முட்டும், அது இன்னொன்று. இரண்டு மூன்று வாரத்தில் குஞ்சுகள் வரும். ஒவ்வொன்றும் பிறக்கும்போதே முதுகில் கூட்டோடு வரும், கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக. தாய் பக்கத்தில் இருக்காது. தாமே ஊர்ந்து தண்ணீருக்குள் இறங்கிவிடும்.

குட்டி போடும் நத்தையும் நம் குளத்தில் உண்டு. கொஞ்சம் சின்னது, கூம்பு நீண்டிருக்கும், கூட்டில் பட்டை பட்டையாகக் கோடு இருக்கும். அதன் முட்டைகள் வயிற்றிலேயே பொரிந்து, குஞ்சாகத்தான் வெளியே வரும்.

ரோஸ் நிறத்தில் முட்டைக் கொத்தைப் படத்தில் பார்த்தேன். அது எது?

அது தென் அமெரிக்காவின் தங்க ஆப்பிள் நத்தை. நம் நத்தைக்குச் சித்தப்பா பிள்ளை முறை. நெல் தண்டிலும் கம்பிலும் தண்ணீருக்கு மேலே ரோஸ் கொத்தாக ஒட்டவைக்கும். சாப்பாட்டுக்கு வளர்க்கலாம் என்று 1980-களில் பிலிப்பைன்ஸ் உள்ளிட்ட ஆசிய நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள். வாங்க ஆள் இல்லாமல் போகவே வாய்க்காலில் விட்டார்கள், அங்கிருந்து வயலுக்குப் போய் இளம் நாற்றைக் கூட்டம் கூட்டமாகத் தின்றது. உங்கள் ஊரில் ரோஸ் முட்டைக் கொத்தைக் கண்டால் உடனே வேளாண் அலுவலரிடம் சொல்லுங்கள். மீன் தொட்டிக்காகக் கடையில் வாங்கிய நத்தையை எந்தக் காரணத்துக்காகவும் குளத்தில் விட வேண்டாம்.

நம் நத்தை நெல்லைத் தின்னாதா?

களையும் பாசியும்தான் அதன் முக்கிய உணவு. எப்போதாவது இளநாற்றைக் கொறிக்கலாம். அந்நிய நத்தை செய்யும் அழிவோடு இதை ஒப்பிட முடியாது. நத்தையைக் கண்டதும் மருந்து தெளிக்க ஓடும் பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

நத்தைக்கு யார் எதிரி?

பெயரிலேயே ஒருவர் இருக்கிறார்: நத்தைக்குத்தி நாரை. வெள்ளை உடம்பு, கறுப்புச் சிறகு. அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும், பாக்குவெட்டி மாதிரி. குஞ்சாக இருக்கும்போது அந்த இடைவெளி இருக்காது, வளர்ந்த பிறகுதான் வரும். அந்த இடைவெளியில் நத்தையை வைத்து நொறுக்கும் என்று பலர் சொல்வார்கள். கிட்டே பார்த்தவர்கள் சொல்வது வேறு. மேல் அலகால் கூட்டைத் தரையோடு அழுத்திப் பிடித்து, கீழ் அலகின் கூர் நுனியை மூடிக்கு அடியில் செருகி, அந்தப் பிணைப்புத் தசையை வெட்டிவிடும். அப்புறம் தலையை உதறினால் நத்தை மொத்தமாக வெளியே வந்துவிடும், கூடு பெரும்பாலும் உடையாமலே கிடக்கும். கீழ் அலகின் நுனி பெரும்பாலும் வலப்பக்கம் கொஞ்சம் வளைந்திருக்கும். வலப்பக்கம் சுற்றிய கூட்டைத் திறக்க வலப்பக்கம் வளைந்த சாவி.

வேடந்தாங்கலுக்குப் போனால் இந்த நாரைகள் கருவேல மரங்களில் கூடு கட்டியிருப்பதைப் பார்க்கலாம். சுற்றுவட்டார வயல்களிலிருந்து நத்தையைக் கொண்டுபோய்க் குஞ்சுக்கு ஊட்டும். அவற்றின் எச்சம் ஏரியில் விழும், அந்த ஏரித் தண்ணீர் திரும்ப வயலுக்கே உரமாகப் பாயும். அந்த ஊர் விவசாயிகள் பறவைகளைச் சுடக்கூடாது என்று 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே கலெக்டரிடம் உத்தரவு வாங்கியவர்கள். அவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தது.

செம்போத்தும் நத்தை தின்னும். வயல் எலியும் தின்னும். அறுப்பு முடிந்த வயலில் ஆயிரக்கணக்கில் வாத்து மேய்க்க வருவார்களே, அந்த வாத்துகளுக்குச் சிந்திய நெல்லோடு சின்ன நத்தைகளும் தீனி.

"நத்தை வயிற்றிலும் முத்துப் பிறக்கும்" என்கிறார்களே, கூட்டை உடைத்தால் கிடைக்குமா?

கிடைக்காது, உடைக்காதீர்கள். எளிய இடத்திலும் உயர்ந்தவர் பிறப்பார் என்பதற்குச் சொன்ன பழமொழி அது. நகைக்கு வரும் முத்து சிப்பியில் விளைவது.

நத்தையைச் சாப்பிடலாமா? தொடலாமா?

டெல்டாவில் பல வீடுகளில் நத்தைக் கறி சமைப்பது காலங்காலமாக உண்டு. நன்றாகக் கழுவி, கொதிக்க வைத்து, கூட்டிலிருந்து எடுத்து, மறுபடி வேகவைத்துச் சமைப்பார்கள். அந்த வேகவைப்பு மிக முக்கியம். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிடவே கூடாது. எலியிடமிருந்து நத்தைக்கு வரும் ஒருவகைப் புழு மனிதர் உடம்பில் போனால் மூளையைச் சுற்றியுள்ள சவ்வைத் தாக்கும். மருத்துவம் என்று சொல்லிப் பச்சையாகக் கொடுத்தால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

தொடலாம். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அதற்கு முன் வாய்க்கும் கண்ணுக்கும் கொண்டுபோகாதீர்கள். குளத்துச் சின்ன நத்தைகளில் சில, ஆடு மாடுகளின் ஈரலைத் தாக்கும் தட்டைப்புழுவின் குஞ்சுகளைச் சுமக்கும். அப்படிப்பட்ட தண்ணீரில் இறங்கினால் சிலருக்குக் காலில் அரிப்பும் வரும். வீட்டுக்கு வந்ததும் காலை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள்.

உப்புப் போட்டால் கரைந்துவிடுமாமே?

கரையாது. உடம்பின் ஈரத்தை உப்பு வெளியே இழுக்கும், நத்தை துடித்துச் சாகும். செய்ய வேண்டாம். செய்பவரைக் கண்டால் தடுங்கள்.

வீட்டில் வளர்க்கலாமா?

சில நாள் வைத்துப் பார்க்கலாம். அகலமான கண்ணாடித் தொட்டி, அடியில் குளத்து மண், பாதி அளவு குளத்துத் தண்ணீர். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். மேலே காற்றுக்கு இடம் விடுங்கள், விளிம்பு வரை ஊற்றினால் குழாயை நீட்ட இடம் இருக்காது. ஏறி வெளியே வந்துவிடும், அதனால் வலை போட்டு மூடுங்கள். கழுவிய கீரை, வெள்ளரித் துண்டு தின்னும். மிச்சத்தை அன்றன்றைக்கே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் நாறும். நான்கைந்து நாளில், எந்தக் குளத்திலிருந்து எடுத்தீர்களோ அதே குளத்தில் விட்டுவிடுங்கள்.

தாத்தா காலத்தில் வாளி வாளியாகக் கிடைக்குமாம். இப்போது ஏன் இவ்வளவு குறைவு?

என் சிறுவயதில் நடவுக்குச் சேறு கலக்கும்போது கால் வைக்கும் இடமெல்லாம் நத்தை உருளும். இப்போது ஒரு வயல் முழுக்கத் தேடினாலும் சில நாள் ஒன்றுதான் கிடைக்கிறது. தெளிக்கும் பூச்சி மருந்தும் களைக்கொல்லியும் தண்ணீரோடு சேர்ந்துதான் அதன் செவுளுக்குள் போகிறது. வாய்க்காலுக்கு இருபக்கமும் சிமென்ட் சுவர் கட்டிவிட்டால் முட்டை போட ஈர மண் கிடைக்காது. குளம் தூர்ந்து மனையானால் கோடையில் புதைய இடம் கிடைக்காது. தண்ணீர் இல்லாத மாதங்களைத் தாங்கத்தான் அதன் உடம்பு பழகியிருக்கிறது. மண்ணே இல்லாமல் போனால் தாங்க அதனிடம் வழி இல்லை.

மருந்து தெளிக்காமல் பயிர் வைக்கும் சில வயல்களில் நத்தை திரும்பி வந்திருப்பதை என் கண்ணால் பார்த்தேன். அந்த வயல்களில் நாரையும் வந்து நிற்கிறது.

நேரில் பார்க்க எப்போது, எங்கே போக வேண்டும்?

மழைக்காலத்தில், வெயில் தாழ்ந்த பிறகு, பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பகலில் செடியடியில் மறைந்திருக்கும், சாயங்காலம்தான் மேயக் கிளம்பும். தண்ணீர் ஓடாமல் தேங்கி நிற்கும் இடமாகப் பாருங்கள்: மடைக்குப் பக்கத்து வயல் மூலை, ஆம்பல் பூத்த குட்டை ஓரம். வரப்பில் உட்கார்ந்துகொள்ளுங்கள். நிழல் தண்ணீரில் விழக்கூடாது, காலை ஆட்டக்கூடாது. முதலில் தவளையும் நீர்ப்பூச்சியும்தான் கண்ணில் படும். கொஞ்சம் பொறுங்கள். பாசிக்கு நடுவே, சுண்டு விரலை விட மெலிதாக ஒரு குழாய் தண்ணீரைத் தொட்டு நுனியை விரிக்கும்.